கர்த்தர் கிழித்த திரை

எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. யுத்தத்தால் காகிதத் தட்டுப்பாடு. ஆகவே இந்த நினைவு மலர் சிறியது. இதைப் பெறும் உறவினரிலும் நண்பரிலும் சிலர் எங்கள் ஆலயத்தின் நடுவே தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர்கள், சிலர் அந்தப் பக்கம். எல்லோருக்கும் ஒரே எழுத்தைத்தான் அச்சிட்டிருக்கிறோம். படிக்கக் கசந்தால் மூடி வைத்துவிடலாம்.

அம்மா விளாங்குடிக்கு மேற்கே, பண்ணைக் கூலிகளின் சேரியில் பிறந்தார். அறுவடைக் காலத்தில் தாத்தா எந்த ஊர் வயலுக்குப் போனாலும் வரப்போரம் பழந்துணியை இழுத்துக் கட்டி, குடும்பமே அதன்கீழ் தங்கும். பிறகு மிஷன் பள்ளி விடுதியில் தையல் கற்று, அங்கேயே தையல் டீச்சர் ஆனார். அப்பா இளவயதில் காலமான பின் அந்த வேலைதான் எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டது.

வேதத்தில் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது ஆசரிப்புக் கூடாரம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரமடித்துத் தங்கியபோது கடவுளும் அவர்கள் நடுவே ஒரு கூடாரத்தில் குடியிருந்தார் என்பதைத் தெருப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவே இல்லை. "நம்ம சனம் துணியக் கட்டித் தங்குன மாதிரியே ஆண்டவரும் தங்கியிருக்காரு. அம்புட்டுப் பெரியவருக்கு மாளிகை கெடைக்காமலா போச்சு?" என்பார். அக்கூடாரத்தின் உள்ளறைக்கு முன்னே ஒரு திரை. பிரதான ஆசாரியன் மட்டும், வருடத்துக்கு ஒருமுறை, பலியின் இரத்தத்தோடு அதைத் தாண்டலாம். பின்னாளில் கட்டிய தேவாலயத்திலும் அப்படியே. இயேசு சிலுவையில் உயிர்விட்ட வேளையில் அந்தத் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. இனி யாரும் கடவுளிடம் நேரே போகலாம் என்பதே அதன் பொருள் என்று அம்மா நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, அங்கேதான் வம்பு.

நான் பள்ளி முடித்த வருடம் சில குடும்பத்தார் புதிதாகச் சபையில் சேர்ந்தனர். மேல்சாதி என்ற பெருமையை அவர்கள் ஞானஸ்நானத் தண்ணீரில் விட்டுவிட்டு வரவில்லை. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தை எங்களோடு சேர்ந்து எடுக்க மாட்டோம் என்றார்கள். நடுவே திரை போடுவது, அவர்கள் முதலில், நாங்கள் பிறகு என்று முடிவாயிற்று. சபை மூப்பர் ஒருவர் துணிக்கட்டோடு அம்மாவிடமே வந்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கெழமைக்குள்ள தச்சுக் குடுத்துருங்க. ஆசரிப்புக் கூடாரத்துலயே கர்த்தர் திரை போடச் சொல்லியிருக்காரு, தப்பில்ல."

அம்மா துணியைத் தொடவில்லை. "போடச் சொன்னதும் அவரு, கிழிச்சதும் அவரு. கர்த்தர் கிழிச்சத நான் தைக்க மாட்டேன் ஐயா. எடுத்துட்டுப் போங்க."

வேறு யாரோ தைத்தார்கள். திரை ஏறியது. அம்மாவின் வேலை போனது. மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்து கிடையாது என்று தடையும் வந்தது. வேலை போனதற்கு அம்மா அழவில்லை, இதற்கு அழுதார். ஆனாலும் ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் முன்னே போய் முழங்காலிட்டார். அப்பமும் பாத்திரமும் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும்.

"எதுக்கும்மா போய் அவமானப்படுறீக?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"போதகர் என்னையத் தாண்டிப் போறாரு, அது அவர் பாடு. தொறந்து கெடக்குற எடத்துக்கு நான் போகாம இருந்தா, மூடியிருக்குன்னு நானே ஒத்துக்கிட்டதாயிரும்."

கடைசி நோயில் போதகர் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தார். எங்கள் தெரு வீடுகளுக்குள் அவர் நுழைவதில்லை. "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா, இப்பவே திருவிருந்து தாரேன்" என்றார்.

"திரைய எடுத்தாச்சா ஐயா?"

"இல்லம்மா."

"அப்ப நான் உள்ள இருக்கேன், நீங்கதான் வெளிய நிக்கிறீக. வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க."

அவர் வரவில்லை. அந்த வாரமே அம்மா போய்விட்டார்.

வேலை போனபின் தைக்கத் துணி கொடுத்த கோரிப்பாளையம் தையற்கடை ராவுத்தருக்கும், அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டிவிட்ட அடுத்த வீட்டு அத்தைக்கும், பெட்டி செய்து சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. அந்தப் பக்கமிருந்து வந்து தோள் கொடுத்த ஒருவருக்கும் நன்றி. பெயர் போட்டால் வீட்டில் சண்டை வரும் என்றதால் போடவில்லை.

வருகிற ஞாயிறு திருவிருந்து. நானும் தம்பியும் திரையை விலக்கி அந்தப் பக்கம் போய், முதல் பந்தியிலேயே முழங்காலிடப் போகிறோம். இது விண்ணப்பமல்ல, அறிவிப்பு. உடன் வர மனமுள்ளவர்கள் வரலாம்.