தளபதியின் தீப்பெட்டி

விண்மீன்களுக்கு நடுவே ஒரு போர் நடந்தது. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் மைதானத்தில் ஊரே பாய் விரித்து உட்கார்ந்து அதைப் பார்த்தது. பன்னிரு சூரியன்களின் கூட்டணிக்குத் தளபதி என் அப்பா. எதிரே, இருண்ட மண்டலத்தின் பேரரசனாக என் தாய்மாமா. நான் கம்ப்யூட்டர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கம்ப்யூட்டர் என்ற பொருளை நானும் பார்த்ததில்லை, என்னைக் கம்ப்யூட்டராக்கிய சித்தப்பாவும் பார்த்ததில்லை. அப்பாவின் தம்பி அவர், தருமபுரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய, அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகங்களிலிருந்து வானத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். டிசம்பர் தொடக்கத்தில் வரும் ஊர்த் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஏதாவது ஒரு புனிதரின் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் பெட்டியைத் திறந்தால் புனிதர்களின் வெல்வெட் அங்கிகளை எலி கடித்துக் கூடு கட்டியிருந்தது. இருக்கிற தார்ப்பாயையும் ஜிகினாத் தாளையும் வைத்து விண்வெளி நாடகம் போடலாமா என்று சித்தப்பா போய்க் கேட்க, பங்குச் சாமியார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"யுத்தம் வெச்சிக்கோப்பா. ஆனா நம்ம ஆளு முதல்ல சுடக் கூடாது."

அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் சித்தப்பா தன் தளபதியைச் செய்தார். பன்னிரு சூரியன்களின் படை அவர் விரல் நுனியில். ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு கிரகம் பொடி. ஆனால் அமுக்க மாட்டார். எதிரி முதல் குண்டு போடும்வரை கை கட்டி நிற்பார். திட்டினால் கேட்டுக்கொள்வார், எச்சரித்தால் தாழ்ந்த குரலில் எச்சரிப்பார், அடித்தாலும் ஆளில்லாத இடத்தில்தான் அடிப்பார். இப்போது என் மகன் செல்போனில் வானத்தையே சல்லடையாகச் சுட்டுத்தள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம், தார்ப்பாய் போர்த்திய அந்த மனிதர் என் கண்ணில் வந்து கை கட்டி நிற்கிறார்.

அந்த வேஷத்துக்கு ஊரில் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போடுகிற வேலை. டிராக்டர்கள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். ஒருவரும் முந்த முடியாது. தன் சொந்த மாமனாரின் வண்டியையே வெயிலில் காயவிட்டவர் என்று அம்மா வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. குரலை உயர்த்த மாட்டார். ஆனால் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதன்மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பேரரசன் வேஷத்துக்கும் அலைய வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் நாடகங்களில் எப்போதும் ஏரோது மன்னன் மாமாதான். அந்த மீசையும் தொந்தியும் தொந்தியிலிருந்து கிளம்பி வருகிற அந்தச் சிரிப்பும் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்று. தளபதியும் பேரரசனும் பேசிக்கொள்வதில்லை.

அதற்கு முந்தைய வருஷம் எனக்குப் புதுநன்மை, பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். தாய்மாமன் எடுத்து வரும் வெள்ளை கவுனை உடுத்திக்கொண்டுதான் பிள்ளை முதல் நன்மை வாங்கப் போக வேண்டும் என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். தருமபுரிக் கடைகளில் தொங்கும் கவுன் தன் மருமகளுக்கு ஆகாது என்று மாமா பெங்களூருக்குப் பஸ் ஏறினார். திரும்பி வரும்போது ஓசூர் பக்கத்தில் பஸ் படுத்துவிட்டது. இங்கே கோயிலில் இரண்டாம் மணி அடித்துவிட்டார்கள். அம்மா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள். அப்பா, பூசை யாருக்காகவும் நிற்காது என்று சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவின் பழைய கவுனை எனக்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது, ஏதோ ஒரு லாரியிலிருந்து, தலையெல்லாம் புழுதியாக, நெஞ்சோடு ஒரு அட்டைப் பெட்டியை அணைத்தபடி மாமா இறங்கினார். என் உடம்பில் இருந்த கவுனைப் பார்த்தார். பெட்டியை அம்மா கையில் கொடுத்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மாமாவின் வீடு அடுத்த தெரு. எங்கள் கிணற்றடியில் நின்றால் அந்த ஓட்டுக் கூரையும் முருங்கை மரமும் தெரியும். அம்மாவுக்கு அது பிறந்த வீடு. போகாதே என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் புருஷனை மதிக்காத வாசலில் தனியாகப் போய் நிற்க அம்மாவுக்கு மனசில்லை. ஒரு கிறிஸ்துமஸ் அப்படியே போயிற்று. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது அண்ணன் வூட்டு வாசலை மிதிப்பேனா என்று அம்மா அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். அடுப்பு பதில் சொல்லாது. அட்டைப் பெட்டி பீரோவின் மேலே பிரிக்காமல் கிடந்தது.

சித்தப்பா செய்த தந்திரம் ரொம்பச் சின்னது. அப்பாவிடம் பேரரசன் யார் என்று சொல்லவில்லை. மாமாவிடம் தளபதி யார் என்று சொல்லவில்லை. முதல் ஒத்திகையில்தான் இருவரும் நேருக்கு நேர் பார்த்தார்கள். ஒப்புக்கொண்டதை மாற்ற அப்பாவுக்குத் தெரியாது. முதலில் எழுந்து போனால் தோற்றதாகிவிடும் என்று மாமா நினைத்திருக்க வேண்டும். இருவரும் நின்றார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசினார்கள். அதற்கு மேல் ஒரு எழுத்தில்லை. ஒத்திகை முடிந்ததும் செருப்பைத் தேடுவதுபோல ஆளுக்கொரு பக்கம் குனிந்துகொள்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிடுவாள்.

"மாமா இன்னிக்கு அப்பாகிட்ட என்னா சொன்னாரு?"

"உன் கூட்டணியைச் சாம்பலாக்குவேன்னாரு."

"அப்பறம்? அப்பா?"

"திரும்பிப் போ, என் பொறுமையைச் சோதிக்காதேன்னாரு."

அம்மா வெங்காயம் உரித்தபடி, கல்யாணச் சேதி கேட்பவள்போல, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

தளபதியின் கப்பல், தக்காளி மண்டியிலிருந்து எடுத்து வந்த மரப்பெட்டிகளை அடுக்கிக் கட்டியது. அதற்குள்ளே நான், ஒரு பேட்டரி, ஒரு சிவப்பு பல்பு. கம்ப்யூட்டருக்குக் கோபம் வராது, அழுகை வராது, சொன்னதைத்தான் சொல்லும் என்று சித்தப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். எதிரியின் கப்பல்தான் அற்புதம். ஒகேனக்கல்லில் மாமாவுக்குப் பழக்கமான பரிசல்காரர் ஒருவர் பழைய பரிசல் ஒன்றைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றி அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் சித்தப்பா கும்பிட்டேவிட்டார். வட்டம், கறுப்பு, தார் வாசனை. பறக்கும் தட்டு என்று அவர் புத்தகங்கள் சொன்னதெல்லாம் காவிரியில் மீன்வறுவல் தின்கிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

திட்டம் இதுதான். பரிசலில் இருக்கும் பேரரசன் முதலில் ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்தித் தகர டப்பாவில் போடுவான். நான் பல்பை எரியவிட்டு, "எதிரி சுட்டுவிட்டான்" என்பேன். அப்போதுதான் தளபதி பொத்தானை அமுக்குவார். மேடைக்குப் பின்னால் எண்ணெய் டிரம்முக்குள் சித்தப்பா ஒரு பெரிய சரவெடியைப் பற்றவைப்பார். இருண்ட மண்டலம் அழியும். அந்தச் சரவெடிக்காகத்தான் நான் பெட்டிக்குள் முட்டி மடக்கி உட்காரவே சம்மதித்தேன்.

திருவிழா அன்று மத்தியானம் ஒரு மழை. பரிசல் வெட்டவெளியில் கிடந்தது. தண்ணீரிலேயே கிடக்கிற சாமானுக்கு மழை என்ன செய்யும் என்று சித்தப்பா அதை மூடவில்லை. அவர் நினைத்தது சரிதான், பரிசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பள்ளிக்கூட பெஞ்சுகளின் மேல் ஏற்றி, மாமாவை உள்ளே உட்காரவைத்து, அவர் காலடியில் வெடியையும் தீப்பெட்டியையும் வைத்தார்கள். அடியில் மூங்கில் பின்னலுக்குள் நின்ற ஈரத்தை யாரும் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நாடகம் ஆரம்பித்தது. அப்பா நீலத் தார்ப்பாய் அங்கியும் யாருடையதோ ஸ்கூட்டர் ஹெல்மெட்டுமாக நின்றார். மாமா அட்டைக் கிரீடம் ஆட ஆடச் சிரித்தார். சிரிப்புக்கே கைதட்டல். பிறகு உச்சக்கட்டம். மாமா குனிந்து தீக்குச்சியை உரசினார். குச்சியின் தலை மாவாகப் பெயர்ந்து வந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. கிரீடம் நழுவ நழுவ மறுபடி மறுபடி உரசினார். இருண்ட மண்டலத்தில் ஒரு பொறி இல்லை.

அப்பா கை கட்டி நின்றார்.

"அண்ணா, அமுக்குண்ணா," திரைக்குப் பின்னாலிருந்து சித்தப்பா. "பரவால்ல, நீ பாட்டுக்கு அமுக்கு."

அப்பா தலையைத் திருப்பவில்லை. "அவரு சுடலியே," என்றார். மைக் அதைப் பிடித்து ஊருக்கெல்லாம் சொன்னது.

"அமுக்குய்யா தளபதி, கரண்டு போயிடப் போவுது," என்று பின்வரிசையில் ஒரு குரல். "வெடிய வூட்டுக்கா எடுத்துக்கினு போப்போற?" என்று இன்னொன்று. சிரிப்பு. நான் பெட்டியின் இடுக்கில் வாயை வைத்தேன். கம்ப்யூட்டருக்குக் கோபம் வராது என்பது மறந்துபோய், "சுடுங்கப்பா" என்று கத்தினேன். கூட்டணியின் கம்ப்யூட்டர் தளபதியை அப்பா என்று கூப்பிட்டதில் மைதானமே குலுங்கியது.

அப்பா கட்டிய கையை அவிழ்த்தார். பொத்தானைப் பார்த்தார். அமுக்கவில்லை. பெட்டிகளிலிருந்து இறங்கினார். நட்சத்திரம் வரைந்த நீல வேட்டி விரித்திருந்த அந்த இடம், சித்தப்பாவின் கணக்கில் வெளிச்சமே பல வருஷம் நடக்க வேண்டிய தூரம். அப்பா தார்ப்பாய் அங்கி தடுக்காதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தார். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு மேடையேறியவர் அவர். அந்தத் தீப்பெட்டி சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க மச்சான். நனையாதது."

மாமா நிமிர்ந்து பார்த்தார். வாங்கினார். திறந்து குச்சிகளைப் பார்த்தார், மூடினார். பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. நான் பல்பின் ஒயரைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

"ஓசூர்கிட்ட பஸ்ஸு படுத்துடுச்சு மாப்ள," என்றார் மாமா.

"தெரியுங்க."

"லாரில நின்னுக்கினே வந்தேன்."

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பூசை நிக்காது மச்சான். நாங்க வாசல்ல கொஞ்சம் நின்னிருக்கலாம்."

இதில் ஒரு வரியும் சித்தப்பா எழுதியதல்ல. இரண்டு பேருமே வசனத்தை மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பெட்டியின் இடுக்கு வழியாகச் சரியான வசனத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை. மாமா தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு கையை நீட்டினார். அப்பா பிடித்து இழுத்தார். மாமாவின் எடை வெளியே வந்ததும் பரிசல் பெஞ்சிலிருந்து நழுவி, விளிம்பில் நின்று, சக்கரம்போல உருண்டு, விண்வெளி முழுவதையும் கடந்து வந்து எங்கள் கப்பலில் மோதியது. தக்காளிப் பெட்டிகள் சரிந்தன. ஒரு குண்டும் போடாமல் பன்னிரு சூரியன்களின் படை தரைமட்டமாயிற்று. ஜிகினாத் தாளுக்கு நடுவே, கையில் எரியும் பல்போடு நான் உட்கார்ந்திருந்தேன். விசில் வானத்தைப் பிய்த்தது. மனந்திரும்புதல், மனந்திரும்புதல் என்று சாமியார் பக்கத்திலிருந்தவர் தோளில் தட்டினார். முன்வரிசையில் அம்மா எழுந்து நின்றிருந்தாள். எனக்கு அடிபட்டுவிட்டதா என்றுகூடப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அழுதேன். அடிபட்டதற்கல்ல. சரவெடி வெடிக்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் சுடவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். "அவரு சுடலியே பாப்பா," என்று அதையே திரும்பச் சொன்னார். தளபதி வேலைக்கு இவர் லாயக்கில்லை என்று முடிவு கட்டினேன்.

கிறிஸ்துமஸ் காலையில் அம்மா பீரோவின் மேலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கினாள். கைக்கும் கழுத்துக்கும் லேஸ் வைத்த கவுன். மாட்டினால் அக்குளில் பிடித்தது, முட்டி முழுக்கத் தெரிந்தது, லேஸ் அரித்தது. வேண்டாம் என்றேன். புதுப் பாவாடை இருக்கிறதே என்றேன். "போட்டுக்க கண்ணு, ஒரு நாளைக்குத்தானே," என்றாள் அம்மா. அப்பா என் பின்னால் மண்டியிட்டு, பூட்ட முடியாத கொக்கிகளைப் பொறுமையாகப் பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் அடுத்த தெருவுக்கு நடந்தோம். முருங்கை மரத்தடியில் மாமா அந்தச் சரவெடியை நீளமாக விரித்து வைத்திருந்தார். மடியிலிருந்து அப்பாவின் தீப்பெட்டியை எடுத்துப் பற்றவைத்தார். கடைசியில் எனக்கு என் வெடி கிடைத்தது. தெருவெல்லாம் புகை. புகை கலைந்ததும் மாமா என்னைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார். உடனே குனிந்து, வெடிக்காதது ஏதாவது கிடக்கிறதா என்று சிவப்புக் காகிதக் குப்பையைக் கிளறத் தொடங்கினார். எல்லாமே வெடித்திருந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் தேடினார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சேர்ந்து தேடினார். அம்மா நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றிருந்தாள்.

நான் அவள் முந்தானையை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போதாவது இந்தக் கவுனைக் கழற்றிவிடலாமா என்று.