கொத்தனார் வளர்த்த வெட்சி

என் அத்தான் கொத்தனார். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சுவரும் தரையும் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் அந்தக் குமிழிக் கருவியை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததால் கிடைத்த பட்டம். போகிற வீட்டில் யாராவது தண்ணீர் கொடுத்தால்கூட, மேசை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒரு கோடு கோணலாகப் போனால் அவருக்குத் தூக்கம் வராது. அடுத்தவரையும் தூங்க விட மாட்டார்.

அப்படிப்பட்டவர் சொந்த வீடு கட்டினால் சீக்கிரம் முடியுமா? பதினோரு வருஷம் ஆனது. ஊரார் வேலையை முடித்துவிட்டு, மிஞ்சிய பொழுதில் தனியாளாகக் கட்டினார். என் அக்காவை மட்டும் பக்கத்தில் வரவிடவில்லை. "முடியட்டும், காட்டுறேன்" என்பதே பேச்சு. முடிந்ததும் காட்டினார். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை வழவழவென்று சிமெண்ட். வெளியிலும் ஒரு பிடி மண் இல்லை.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வாடகை வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அங்கே படிக்கட்டு நெடுக, பழைய பெயிண்ட் வாளிகளில், அவள் வளர்த்த வெட்சிகள் கொத்துக் கொத்தாய்ச் சிவந்து கிடக்கும். அத்தான் புது வீட்டில் தனியாகப் படுத்தார். சாப்பாடு மட்டும் அக்கா கொடுத்தனுப்புவாள். நடுவில் தூக்குச் சட்டி சுமந்தவன் நான். அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

"அவளுக்குச் செடிதானே வேணும்? வெச்சிருவோம் மாப்ளே" என்றார் அத்தான்.

முன்சுவரை ஒட்டிச் சிமெண்டில் ஏழு தொட்டி கட்டினார். வெளியே பூசியதோடு நிற்காமல் உள்ளேயும் பூசினார். நூல் பிடித்து ஏழு வெட்சிக் கன்றுகளை நட்டார். புதுப் பூச்சை நனைப்பதுபோலக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். வேலை முடிந்து வந்து சிமெண்ட் ஒட்டிய கரண்டியும் சட்டியும் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போனது. "சிமெண்ட் பிடிச்சது எதுவும் சாயாது" என்று எனக்குப் பாடம் வேறு.

ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளானது. நரம்பு மட்டும் பச்சை. அத்தான் ஒவ்வொரு தண்டின் பக்கத்திலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். "நேராத்தானே நிக்குது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவ வர மாட்டா போலிருக்கு மாப்ளே" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"அவளுக்குத் தெரியாம வளர்த்துக் காட்டலாம்னு..."

"வீட்டையும் அப்படித்தானே கட்டுனீங்க?"

அத்தான் ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளிக்கொண்டு வாடகை வீட்டுக்கு நடந்தார். இந்தக் காட்சியை விடுவேனா? பின்னாலேயே போனேன்.

அக்கா வாடிய பூங்கொத்துகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் இலையை நீட்டினார். "இது ஏன் இப்படி ஆச்சு?"

அவள் இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பதினோரு வருஷத்துல அந்த வீட்டைப் பத்தி நீங்க என்கிட்ட கேட்ட முதல் கேள்வி இதுதாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கே வந்து பார்த்தாள். தொட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "வெட்சிக்குச் சுண்ணாம்பே ஆகாது. சிமெண்ட் தண்ணியைக் குடிக்கக் குடுத்தா எப்படிப் பச்சையா இருக்கும்? சுவரை விட்டு மூணு அடி தள்ளிக் குழி எடுங்க. செம்மண்ணும் மக்கின இலையும் நிறைய போடணும். நல்லா வெயில் படணும். மேல்மண்ணு காஞ்சாத்தான் தண்ணி. பூத்து முடிஞ்ச நுனியை லேசா வெட்டி விட்டா, பக்கத்துல கிளைச்சு மறுபடி பூக்கும்."

"மூணு அடின்னா தரையை உடைக்கணுமே."

"ஆமா."

அவர் வாழ்நாளில் போட்ட தரைகளில் அதுதான் ஒன்றாம் நம்பர். குனிந்து ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரையைப் போட்டார். செடிகளை அக்கா கண்ணளவில் நட்டாள். வரிசை பாம்பு மாதிரி வளைந்தது. அத்தானின் கை நூல்கண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அக்கா சாயங்காலம் வாடகை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இரண்டு மாதத்தில் புதுத்தளிர் விட்டது. பூ இன்னும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து செடிகளைப் பார்த்துவிட்டு, நேரே சமையலறைக்குள் போனாள். முன்பக்கச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"இங்க நின்னு சமைச்சா அந்தச் செடிங்க தெரியணும். ஒரு ஜன்னல் வேணும்."

பூசி, வர்ணம் அடித்து, பளபளவென்றிருந்த சுவர் அது. அத்தான் போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். ஒரு கரித்துண்டைச் சுவரில் வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு உயரத்துல?"

அக்கா சுவரோரம் வந்து நின்று, தன் மோவாய்க்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள்.

"இங்க. நாளைக்கு அடுப்பைக் கொண்டாந்துடறேன்."