எனக்குக் குளிருது, மாமி

எங்கள் அப்பார்ட்மென்ற் வாடகையில் தண்ணீர் அடக்கம், ஹைட்ரோ அடக்கமில்லை. கனடாவில் மின்சாரத்துக்கு ஹைட்ரோ என்றுதான் பெயர். வீடு பார்க்கப் போன அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பெட்ரூம், ஒரு ஹோல், இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்கிற அடுப்படி. இதற்கு என்ன பெரிய கரண்ட் முடியப்போகிறது என்று நினைத்தேன். ஜன்னல்களுக்குக் கீழே தரையோடு நீட்டுக்குக் கிடந்த தகரப் பெட்டிகள்தான் ஹீட்டர். அவை குடிக்கிற குடி முதல் குளிர்காலத்து பில் வந்தபோதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு மாதிரி ஆளாகிவிட்டேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே சுவரில் இருக்கும் ஹீட்டர் திருகியைப் பார்ப்பேன். அது நான் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் முகம் மாறிவிடும். மனைவி எனக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பட்டம் வைத்தாள். நானும் சிரித்துக்கொண்டே திருகியைக் குறைப்பேன்.

எங்கள் மகள் பிறந்தது நல்ல குளிருக்குள். பிள்ளைப்பேறு பார்க்க மாமி, மனைவியின் அம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். மனைவியின் அக்காவுக்கு நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு, காஸில் ஓடும் ஹீட்டிங், மாமிக்கென்று தனி அறை. அங்கே நின்று வந்து போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு அங்கே போய் நிற்பதா என்று மாமி எங்கள் ஹோல் சோபாவிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார்.

மாமி பழைய ஆள். மருமகன் என்றால் அவருக்கு ஒரு மட்டு மரியாதை. என் முன்னால் காலை நீட்டி இருக்க மாட்டார். நான் சாப்பிட்டு எழும்பாமல் தான் சாப்பிட மாட்டார். எது தேவையென்றாலும் மகளிடம் சொல்லி, அது சுற்றிக்கொண்டு என்னிடம் வரும். மருமகனிடம் நேரே ஒன்றைக் கேட்பது அவர் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பில்லைப் பார்த்துவிட்டு நான் கத்தினேன். மாமியை நோக்கியல்ல, மனைவியைப் பார்த்துத்தான்.

"உந்த ஹோல் ஹீட்டரை ஏன் பகல் முழுக்க எரிய விடுறியள்? நீரும் பிள்ளையும் இருக்கிறது அறைக்குள்ள. ஹோலுக்குள்ள ஆர் இருக்கினம்?"

கேட்ட பிறகுதான் மாமி என் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டு வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அவர் இன்னும் கொஞ்சம் கறி விடவா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை கடையில் ஜன்னலுக்கு ஒட்டுகிற பிளாஸ்ரிக் தாள் வாங்கி வந்தேன். சுற்றிவர ஒட்டி, தலைமயிர் காய வைக்கிற மெஷினால் சூடு காட்டினால் அது இழுபட்டுக் கண்ணாடி மாதிரி நிற்கும். மாமிக்கு ஊதா நிறத்தில் ஒரு தடித்த ஜாக்கெட்டும் வாங்கினேன். வெளியே போக என்று சொல்லிக் கொடுத்தேன். மாமி எங்கே வெளியே போனார்?

அடுத்த பில் நன்றாகக் குறைந்து வந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. வேலையிடத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, பிளாஸ்ரிக் தாளின் மகிமையைப் பற்றி ஹோலில் நின்று பிரசங்கம் வைத்தேன். மாமி பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கெட்டித்தனத்தை மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

இடையில் ஒரு ஞாயிறு ஸ்ரௌவ்வில்லுக்கு, அக்கா வீட்டுக்குப் போனோம். உள்ளே போய் இருந்த கையோடு மாமி சோபாவிலேயே நித்திரையாகிவிட்டார். சாப்பிட எழுப்பியும் எழும்பவில்லை. "மாமிக்கு மூத்த மகளின்ர வீட்டிலதான் நித்திரை வருது போல" என்று நான் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பகிடியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எனக்கு வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில். ஒருநாள் பனிப்புயல் வருகிறது என்று மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். ஹோல் வெளியே உள்ள கொரிடோரை விடக் குளிராக இருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ் இடுக்கில் ஒரு சீலைத் துண்டு சுருட்டி அடைத்திருந்தது. உள்ளே மனைவியும் பிள்ளையும் சூட்டில் நித்திரை.

மாமி அடுப்படி வாசலில் அந்த ஊதா ஜாக்கெட்டோடு நின்றார். தலையில் என் பழைய கம்பளித் தொப்பி. என்னைக் கண்டதும், களவெடுத்து அகப்பட்டவர் போல ஓடிப்போய் ஹோல் ஹீட்டரைப் போட்டார்.

"தம்பி வந்திட்டியளோ? வெள்ளனச் சொல்லியிருந்தால் போட்டு வைச்சிருப்பன்."

அவர் அவசரமாகக் குனிந்தபோது ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு போத்தல் விழுந்து உருண்டது. தேங்காய் எண்ணெய். பிள்ளையைக் குளிப்பாட்ட முதல் பூசுகிற எண்ணெய். அதை ஜன்னல் தட்டில், ஹீட்டருக்கு மேலே வைத்துத்தான் நாங்கள் இளக வைப்பது வழக்கம். மாமி அதைத் தன் கையிடுக்கில், கமக்கட்டுக்குள் வைத்து இளக்கியிருக்கிறார். போத்தலை எடுத்துப் பார்த்தேன். பாதி இன்னும் வெள்ளைக் கட்டியாகத்தான் இருந்தது.

பில்லைக் குறைத்தது பிளாஸ்ரிக் தாள் இல்லை என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"ஏன் மாமி இப்பிடி? ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருங்கோவன்."

"எனக்குக் குளிரேல்லைத் தம்பி. அடுப்படியில நிண்டால் வேர்க்குது."

அன்று மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு கோபம் வந்தது. "நான் அறையால வெளியில வாறதெண்டால் கொஞ்சம் பொறு பிள்ளை எண்டு அம்மா சொல்லுவா. ஹீட்டரைப் போட்டு ஹோல் சூடான பிறகுதான் கூப்பிடுறவா போல. எல்லாம் நீங்கள் அண்டைக்குக் கத்தினதால வந்தது. ஹோலுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு கேட்டியள்தானே?"

நான் எழும்பிப் போய் ஹோல் திருகியைக் கூட்டிவிட்டேன்.

மாமியிடம் எத்தனை தரம் சொன்னாலும் "ஓம் தம்பி" என்பார். மகள் சண்டை பிடித்தாலும் "ஓம் பிள்ளை" என்பார். மாலையில் நான் வரும்போது ஹோல் சூடாகத்தான் இருக்கும். ஆனால் ஜன்னல் தட்டில் இருக்கும் எண்ணெய் கட்டிபட்டிருக்கும். நான் வருகிற நேரம் பார்த்துப் போடுகிறார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மருமகனின் காசை எரித்துத் தான் சூடு காய்வது அவருக்குச் சரிவரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் இன்னும் கூனிக் குறுகிப் போவார்.

கடைசியில் எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. லீவு போட்டுவிட்டு ஒரு காலை ஹோலில் வந்து சுருண்டு இருந்தேன்.

"எனக்குக் குளிருது, மாமி."

மாமி பதறிப்போனார். தானே ஓடிப்போய்த் திருகியை நல்லாய்த் திருப்பினார். மல்லிக் கோப்பி வந்தது. போர்வை வந்தது. அன்று பகல் முழுக்க எண்ணெய் தண்ணியாக நின்றது. மாமி ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு என் எதிரே கதிரையில் இருந்தபடி, கழுத்துச் சரிய, கொஞ்ச நேரம் கண் அயர்ந்தார். நான் அசையாமல் இருந்தேன்.

அதன் பிறகு நான் நிரந்தரக் குளிர்காரன் ஆனேன். பின்னேரம் வந்ததும் நடுங்குவேன். வேலையிடத்திலிருந்து போன் எடுத்து, "நான் வரேக்க ஹோல் நல்ல சூடாய் இருக்கவேணும் மாமி, இப்பவே போட்டு விடுங்கோ" என்பேன். பகல் முழுக்க எரியட்டும் என்று அந்தப் போனைக் காலையிலேயே எடுத்துவிடுவேன். மாமியும் ஊருக்குப் போன் எடுத்து, "மருமகனுக்கு உடம்பு ஏலாது, குளிர் துண்டறத் தாங்காது, பாவம்" என்று கவலைப்பட்டார். பில் ஏறியது. அதை நான் மடித்து, மாமியின் கண்ணில் படாமல் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

மாமி திரும்பிப் போகும் நாளில் விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு வரிசைக்கு முன்னால் நின்றோம். மகளைக் கொஞ்சினார். பேத்தியைக் கொஞ்சினார். பிறகு அந்த ஊதா ஜாக்கெட்டைக் கழற்றி, என் முன்னால் ஒரு நாளும் நிற்காத அளவுக்குக் கிட்ட வந்து, என் தோளில் போட்டுவிட்டார்.

"எனக்கு அங்க எதுக்குத் தம்பி? உங்களுக்குத்தான் குளிர் தாங்காது."

அதன் உட்பக்கம், கமக்கட்டுத் துணியில், தேங்காய் எண்ணெய் மணத்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அடுத்த குளிர் வந்துவிட்டது. ஹோல் ஹீட்டர் எரிகிறது. திருகியை நான் தொடுவதில்லை. மாமி ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். மகளோடு கதைத்து முடித்துவிட்டு, முன்பு இல்லாத வழக்கமாக, போனை என்னிடமும் கொடுக்கச் சொல்வார்.

"குளிருக்குக் கவனம் தம்பி. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருங்கோ. காசைப் பாக்காதேங்கோ."

"ஓம் மாமி" என்கிறேன்.