சிபானாவின் மருதோண்டிக் கை

அந்தக் கை என் கண்ணை ஏன் அப்படி உறுத்தியது? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

நான் கல்முனையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். பெண்கள் எல்லாரும் கறுப்பு அபாயாவும் தலையில் சுற்ற கடை தரும் வெள்ளை ஷோலும்தான் அணிய வேண்டும். மருதோண்டி கூடாது, கறை கூடாது. நான் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியபோது, என்னிடம் வழக்கமாக வருகிறவர்கள் என்னோடு வேலை செய்யும் சிபானாவைத் தேடினார்கள். ஒரே உடுப்பில் அவள் மட்டும் அழகாக இருந்தாள்.

பெருநாள் முடிந்து அவள் மருதோண்டியில் சிவந்த கையோடு வந்தாள். "சட்டம் எங்களுக்கு மட்டுந்தானா?" என்று மனேஜரிடம் கேட்டுவிட்டேன். அவளைத் துணி மடிக்க உள்ளறைக்கு அனுப்பினார். கடை முகப்பில் அவள் நின்ற இடம் எனக்குக் கிடைத்தது.

மறுநாள் பால் கசிந்து என் ஷோல் நனைந்துவிட்டது. பயந்து உள்ளறைக்கு ஓடினேன்.

"ராத்தா, என்ட ஷோலப் போடுங்க. நான் உள்ளுக்குத்தானே இரிக்கன், ஆரு பாக்கப் போறா?" என்று சிரித்த சிபானா, என் ஈர ஷோலைத் தன் தலையில் சுற்றிக்கொண்டாள்.

வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்தேன். அவளுக்குப் போல் எனக்கு அது எடுபடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கம் பிறகுதான் வந்தது.

மருதோண்டி மங்கிவிட்டது. அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். சொன்னது நான் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் அவளிடம் சொல்லவா, மனேஜரிடம் போய் என் இடத்தை விடவா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், எழுதுங்கள்.