ஒரு ஸ்பிளிட் பின்னுக்காக

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் எனக்கும் மெக்கானிக் ரியாஸ் நானாவுக்கும் இடையில் ஏறத்தாழச் சண்டையே மூண்டுவிட்டது.

எனது பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் போல் ஜொயின்ட் இரண்டையும் மாற்ற அவருடைய கராஜில் விட்டிருந்தேன். எடுக்குமுன் குனிந்து பார்த்தேன். இடப்பக்க ஜொயின்டின் நட் கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைக் காணவில்லை. அந்த நட் கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். நாளை மனைவியுடன் மடுல்கெல்ல மலைப்பாதையில் செல்ல வேண்டியவன் நான்.

"நல்லா இறுக்கிருக்கேன் சேர். ஒண்டும் ஆகாது. நீங்க சும்மா பயப்புடுறீங்க," என்றார் நானா.

"பின் போடாமல் நான் எடுக்கமாட்டன்."

"கையில இருந்த பின் எல்லாம் முடிஞ்சி சேர். எத்தன வருஷமா இந்த வேல செய்றேன், எனக்குத் தெரியாதா?" அவருடைய குரல் உயர்ந்தது.

"அப்ப நீங்களும் ஏறுங்கோ நானா. பாலத்தடிக்கு ஒருக்காப் போய் வருவம்."

"அதுக்கென்ன?" சட்டென ஏறி அமர்ந்துவிட்டார். மறுப்பார் என்றே நினைத்திருந்தேன். அழைத்தவன் நானே என்பதால் இயந்திரத்தை இயக்கினேன்.

அப்போது அவருடைய கை மெதுவாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியது. இத்தனை ஆண்டுகளில் அவர் பெல்ட் அணிந்து நான் பார்த்ததேயில்லை.

இயந்திரத்தை நிறுத்தினேன்.

"பின் வாங்கிட்டு வாறேன் சேர்," என்று அவரே இறங்கினார்.

உங்கள் வாகனத்தைத் திருத்துபவரையும் ஒருமுறை அருகில் அமர்த்திப் பாருங்கள். பெல்ட் மாட்டினாரா என்பதை இங்கே எழுதுங்கள்.