கேசட்டின் கடைசிப் பத்து நிமிடம்

எங்கள் வீட்டில் உலகம் ஒரு கேசட்டில் அழிந்துகொண்டிருந்தது. வேற்றுக் கிரகத்து ஆட்கள் பூமியில் வந்து இறங்கும் பழைய நாவல் ஒன்றை, வெளிநாட்டு ராக் குழு ஒன்று முழுக்கதையாகவே பாட்டில் போட்டிருந்தது. கனத்த குரலில் ஒருவர் இங்கிலீஷில் கதை சொல்வார். நடுநடுவே கிட்டாரும் டிரம்ஸும் ஊரைக் கொளுத்தும். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நண்பன் வீட்டு இசைத்தட்டிலிருந்து அண்ணன் அதைப் பதிந்து வந்தான். எனக்கு எட்டு வயது. செகந்திராபாத் வீட்டில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கட்டிலுக்கடியில் படுத்துக் கேட்பேன். பயந்தாலும் வெளியே வரமாட்டேன்.

அழியக்கூடாத கேசட் என்றால் அதன் முதுகிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட வேண்டும். பிறகு அதன்மேல் எதுவும் பதியாது. அண்ணன் உடைக்க மறந்துவிட்டான். அப்பா எங்கள் சர்ச்சில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்தியவர். ரயில்வே டியூட்டியால் பயிற்சிக்கு வராத, டெனர் என்னும் மேல் ஆண்குரல் பாடுகிறவர்களுக்கு அவர்கள் பகுதியைத் தானே பாடிப் பதிந்து கொடுப்பது அவர் வழக்கம். அன்று அவர் கைக்கு அகப்பட்டது இந்தக் கேசட். கதையின் கடைசிப் பத்து நிமிடம் போயே போய்விட்டது.

அதன்பின் கதை இப்படி நடந்தது. நகரம் எரிகிறது, மிஞ்சிய ஒற்றை மனிதன் தெருவில் நடக்கிறான், டக்கென்று ஒரு சத்தம். உடனே அப்பா, "டெனர் மட்டும். மூச்ச வாங்கிட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுக் கீர்த்தனை பாடுகிறார். தப்பித்தவர்கள் எல்லாரும் எங்கள் சர்ச்சில் வந்து கூடிவிட்டார்கள் என்றே நான் நம்பினேன். அதைவிட நல்ல முடிவு வேறென்ன வேண்டும்? அண்ணன்தான் நான்கு நாள் அப்பாவோடு பேசவில்லை.

அப்பா போய் வருடம் பல ஆகிவிட்டது. அம்மா குகட்பள்ளியில் அண்ணனோடு இருக்கிறாள். போன மாதம் போனில், "ஏட்டி, ஒங்கப்பா மொகம் நெனப்பிருக்கு. சத்தந்தான் வரமாட்டேங்கு" என்றாள். போட்டோ ஆல்பம் நாலு இருக்கிறது. என் கல்யாண வீடியோவில் அப்பா பேசுகிறார், ஆனால் வாய்தான் அசையும், மேலே யாரோ பாடிய பாட்டு ஓடும். அவர் குரலுக்கு அண்ணனிடம் இருக்கும் கேசட்டின் அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். டேப் ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு குகட்பள்ளிக்குப் போனேன்.

அண்ணன் பிடி கொடுக்கவில்லை. "நக்கோ, வேணாம். பழைய டேப்பு, சிக்கிரும்" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மாவுக்கு இல்லாமல் எதற்குப் பத்திரம் என்று கேட்டு, அலமாரியிலிருந்து நானே எடுத்துப் போட்டேன். அம்மா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

நகரம் எரிந்தது. மனிதன் நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். படையெடுத்து வந்தவர்கள் செத்து விழுந்தார்கள், வயலின்கள் எழுந்தன, கதை முடிந்தது. இந்த வயதில் முதன்முறையாக அந்த முடிவைக் கேட்டேன். அதை வெறுத்தேன்.

"நீதான அழிச்ச?" என்றேன்.

"ஹவ், ஆமா. நீ சென்னை ஹாஸ்டல்ல இருந்தப்போ. ஆனா பட்டன அமுக்குனது நான் இல்ல, அப்பா." அவன் அம்மாவைப் பார்க்காமல் சொன்னான். வேலை கிடைத்து அவன் வடக்கே கிளம்பிய வாரமாம். கதையின் முடிவை இசைத்தட்டிலிருந்து திரும்பப் பதிந்து தர, அப்பாவே டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அந்த நண்பன் வீட்டுக்கு அவனோடு போயிருக்கிறார். பதிய வேண்டிய இடம் வந்ததும், உங்க பாட்டு இருக்கட்டும்ப்பா என்று அண்ணன் தடுத்திருக்கிறான்.

"அதுக்கு என்ன சொன்னாவ?" என்று அம்மா கேட்டாள்.

அண்ணன் லேசாக மூக்கால் இழுத்து, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, அப்பா பேசுவதுபோலவே சொன்னான்: "ஏல, நான் இங்கனதான இருக்கேன்? எப்ப வேணும்னாலும் பாடுவேன். ஒன் கத முடியட்டும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இதேதான்" என்றாள். "இன்னொரு தடவ சொல்லு."

அண்ணன் சொன்னான். மூன்றாவது தடவை பாதியில் எழுந்திருக்கப் பார்த்தான். அம்மா விடவில்லை.