ராக்கப்பனின் தொப்பை

ராக்கப்பனின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். காளையார்கோவில் பக்கத்து ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் "கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா" என்று அவன் தோளில் தட்டுவார்கள். தட்டிவிட்டு வேலையை வேறொருவனுக்குக் கொடுப்பார்கள். அந்தக் குட்டை உடம்புக்கு மதிப்புக் கொடுத்தது உலகத்திலேயே ஒரே இடம்தான், துபாய்க்குப் பக்கத்திலிருந்த ஒரு கப்பல் பட்டறை. அது என்ன மதிப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லவே வாய் கூசுகிறது.

பட்டறையின் ஸ்டோர் வாசலில் கம்பியை வளைத்து வெல்டு வைத்த ஒரு வளையம் தொங்கும். கப்பலின் அடிவயிற்றில் இருக்கிற டேங்குகளுக்குள் ஆள் நுழைகிற ஓட்டைகளில் எது ஆகச் சிறியதோ, அந்த அளவு. விசாவில் வந்து இறங்குகிற ஒவ்வொருவனையும் ஃபோர்மேன் வில்பிரட் அதற்குள் நுழைந்து வரச் சொல்வார். தோள் இடித்தால் வெல்டிங், பெயிண்டிங், சாரம் என்று வெளிவேலை. நுழைந்துவிட்டால் டேங்க் டூட்டி. 1998-இல் ராக்கப்பன் பாம்பு பொந்துக்குள் போவதுபோல் போய் வந்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பாவி, அவனும் சேர்ந்து சிரித்தான்.

டேங்குக்குள் படுத்தபடி துருவைச் சுரண்ட வேண்டும். ஜூலை மாதத்தில் தகடு தோசைக்கல்லாகக் காயும். வெளியே ஓட்டையருகே காவலுக்கு ஒருவன் நிற்பான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் சுத்தியலால் தகட்டில் மூன்று தட்டுத் தட்டினால், உள்ளே இருப்பவன் இரண்டு தட்ட வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

2003-இல் ஒருநாள் டேங்குக்குள் போயிருந்த கலீலுர் ரஹ்மான் பதில் தட்டவில்லை. அன்று காவலுக்கு நின்றவன் ராக்கப்பன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் பாய்ந்து, கலீலின் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டான். உயிர் இருந்தது. ஆனால் புத்தி திரும்பவில்லை. வருடக்கணக்காக மூடிக் கிடந்த இரும்பு டேங்கில் துருவே காற்றைத் தின்று தீர்த்துவிடும் என்று அன்றைக்குத்தான் ராக்கப்பனுக்குத் தெரிந்தது. வாசம் வராது, கண் எரியாது, ஆள் மட்டும் விழுந்துவிடுவான். கலீலை ஊருக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் திரும்பி வந்து, அவன் பெற்ற தாயைப் பார்த்தே "நீங்க யாரு" என்று கேட்டதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ராக்கப்பனைப் பயம் பிடித்துக்கொண்டது. வேலையை விட முடியாது, டேங்குக்குள் போகவும் முடியாது. நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். சாப்பிட ஆரம்பித்தான்.

கேம்ப் மெஸ்ஸில் மூன்றாம் முறை சோறு வாங்கினான். குப்பூஸ் ரொட்டியில் கிரீமைத் தடவித் தடவித் தின்றான். நோன்பு மாதம் முப்பது நாளும் பள்ளிவாசல் கூடாரத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, பிரியாணித் தட்டை வழித்து நக்கிவிட்டுப் பக்கத்துத் தட்டில் மிஞ்சியதையும் இழுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைகளில் துபாய் கராமா கடைத்தெருவுக்குப் போய்ப் பரோட்டா. மாதம் ஒருமுறை ஆள் இல்லாத நேரம் பார்த்து ஸ்டோர் வாசல் வளையத்தில் நுழைந்து பார்ப்பான். 2006-இல் ஒருநாள் இடுப்பு சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ராக்கப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். ரூமில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தான். எதற்கென்று மட்டும் சொல்லவில்லை.

வில்பிரட் குளச்சல்காரர். கடலில் வளர்ந்தவருக்கு ஆளைப் பார்த்ததுமே எடை தெரியும்.

"லேய் ராக்கப்பா, தின்னு கொழுத்துட்டியா? டேங்குக்கு ஆவாதவன் எனக்கு எதுக்குல? விசா கேன்சல்தான்."

"அண்ணே, அப்படிச் சொல்லாதீங்கண்ணே."

"அப்பம் லீவுக்குப் போறேல்லா, உன் சைஸ்ல ஒருத்தன கொண்டு வா. உன்னைய வெளிய காவலுக்குப் போடுதேன்."

ஊரில் அவன் மனைவி மாரியம்மாளின் தம்பி விஜயபாஸ்கர் இருந்தான். முப்பத்திரண்டு வயது, நாலடி பத்து அங்குலம், செங்கல் சூளையில் வேலை, மனைவி சங்கீதா. தம்பிக்கு ஒரு வழி செய்யச் சொல்லி மாரியம்மாள் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராக்கப்பனும் ஆறு வருடமாக 'அந்த வேலை வேண்டாம்' என்று தட்டிக்கழித்து வந்தான். அந்த ஆறு வருடமும் அவன் நல்ல மனுஷன். இந்த முறை அவள் வாய் திறக்கும் முன்னே, "பாஸ்கருக்கு ஒரு விசா இருக்கு" என்றான். அன்றைக்கு வீட்டில் கோழி அடித்தார்கள். வளையத்தைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. கறியை மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான்.

விஜயபாஸ்கர் வந்து இறங்கினான், வளையத்தில் நுழைந்தான், கைதட்டல் வாங்கினான். சிரித்துக்கொண்டே மச்சானைத் தேடினான். மச்சான் ஸ்டோருக்குள் ஷூ கேட்டுக்கொண்டிருந்தார். விஜயபாஸ்கருக்கும் மச்சானைப்போலவே அஞ்சாம் நம்பர் கால். ஸ்டோரில் ஏழுக்குக் கீழே கிடையாது. ஒன்பது வருடமாக ராக்கப்பனும் ஏழாம் நம்பரைத்தான் முனையில் துணிக்கழிவு அடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்கும் அவனே உட்கார்ந்து பக்குவமாக அடைத்துக் கொடுத்தான்.

2007 கடைசியில் லாரியில் ஒரு சின்ன நீர்மூழ்கி வந்தது. பழைய வண்டிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு அரபி, ஐரோப்பாவிலிருந்து வாங்கி வரவழைத்தது. துருவெல்லாம் எடுத்துப் புதிதுபோல ஆக்கித் தன் தோட்டத்தில் நிறுத்த வேண்டுமாம். ஒன்பது மீட்டர் நீளம், நடுவில் தவலை கவிழ்த்ததுபோல ஒரு மேடு. பட்டறையே கூடி நின்று பார்த்தது.

இன்ஜினியர் கௌஸ் முகைதீன் கீழக்கரைக்காரர், புத்தகப் பிரியர். அரபி கொடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டு டீ நேரத்தில் கதையாகச் சொன்னார்.

"இதுக்குப் பேரு பீபர். ரெண்டாம் உலகப் போர்ல, தோக்கப் போற கட்டத்துல, ஜெர்மன்காரன் அவசர அவசரமா முந்நூத்துச் சொச்சம் கட்டினான். உள்ள ஒரே ஒரு ஆளு. லாரி இன்ஜினத் தூக்கி இதுக்குள்ள வச்சுட்டான், பெட்ரோல்ல ஓடறது. அந்தப் புகை உள்ளயே கசியும். இங்கிலீஷ்காரன் நடுக்கடல்ல மிதந்துட்டிருந்த ஒண்ணப் பிடிச்சான். படகுல ஒரு கீறல் இல்ல. உள்ள ஆளு உக்காந்த வாக்குல செத்திருந்தான்."

"சண்டையில இது ஜெயிச்சுச்சா சார்?" என்று விஜயபாஸ்கர் கேட்டான்.

"எங்க ஜெயிக்க? முக்காவாசிப் பேர் திரும்பி வரல. ஒரு தடவ துறைமுகத்துல நிக்கும்போதே ஒண்ணோட குண்டு தவறிப் பாஞ்சுருச்சு. பக்கத்துல நின்ன இதே சாதிப் படகு பதினாலு முழுகிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். விஜயபாஸ்கர் சிரிக்கவில்லை.

"புகை கசியும்னு தெரிஞ்சுமா சார் ஆள ஏத்தி அனுப்புனாங்க?"

"தெரியாமலா? ஆளு நிறைய இருந்தான், அதான்."

மறுநாள் காலை வேலை. மேட்டின் மூடியைத் திறந்தால் ஓட்டுகிறவன் உட்காரும் பொந்து. ராக்கப்பன்கூடத் தம் கட்டினால் அதில் இறங்கிவிடலாம். அதற்கு முன்னால் ஒரு தடுப்புச் சுவர், அதில் போல்ட் போட்ட ஒரு தகடு, தகட்டுக்கு அந்தப்பக்கம் முன் டேங்க். அறுபது வருடமாகத் திறக்காதது. அந்த ஓட்டை ஸ்டோர் வளையத்தைவிட இரண்டு விரல் சிறியது. விஜயபாஸ்கர் போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை எடுத்து வைத்தான். காவல் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவன் ராக்கப்பன். காற்றுப் பார்க்கிற மீட்டர் சார்ஜ் இல்லாமல் ஆபீசில் கிடந்தது. பேப்பரில் மட்டும் 'காற்று சரி' என்று டிக் விழுந்திருந்தது.

"அண்ணே, மீட்டர் வச்சுப் பாக்கலியே. ரொம்ப நாள் மூடிக் கிடந்தது."

வில்பிரட் அவனுடைய தொப்பையைப் பார்த்தார்.

"பத்து நிமிச வேலை. இல்லன்னா நீ எறங்குதியா?"

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'பாஸ்கர், போகாதே' என்று ஒரே ஒரு சொல். கேன்சல் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்க அவனுக்கு ஒரு நிமிடம் போதவில்லை. இந்த இடத்தில் ராக்கப்பனை எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான்.

"பாத்து மாப்ள" என்றான்.

"நீங்க வெளிய நிக்கிறீங்கள்ல மச்சான், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு விஜயபாஸ்கர் தலையை முன்னால் விட்டு டேங்குக்குள் ஊர்ந்து போனான்.

ஐந்து நிமிடம் காத்திருக்க ராக்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிமிடத்தில் மூன்று தட்டினான். உள்ளிருந்து இரண்டு வந்தது. மறுபடி மூன்று தட்டினான். ஒன்று வந்தது. அடுத்த தட்டுக்காகக் காதைத் தகட்டில் வைத்தான். வரவில்லை.

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டுக்குள் குதித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓட்டைக்குள் தலையை விட்டான், தோளை விட்டான், நெஞ்சு வரைக்கும் போனான். தொப்பை சிக்கியது. நாலு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த தொப்பை. காலை உதைத்தான், வயிற்றை எக்கினான், தகட்டு விளிம்பு தோலைச் சீவியது. ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. டார்ச் வெளிச்சத்தில் விஜயபாஸ்கர் குப்புறக் கிடந்தான், கால் இந்தப்பக்கம். கையை நீட்டினான். விரல் நுனிக்கு ஷூவின் குதிகால் எட்டியது. அழுத்திப் பிடித்து இழுத்தான். ஏழாம் நம்பர் ஷூ, அஞ்சாம் நம்பர் கால். ஷூ மட்டும் கையோடு வந்தது. ஷூ போனதும் கால் எட்டவில்லை. நாலு விரற்கடை தள்ளி அந்தப் பாதம் வெறுமனே கிடந்தது.

தலை சுற்றவும் பின்னால் நின்றவர்கள் அவனை இழுத்து வெளியே போட்டார்கள். போட்டதும் கத்தினான்.

"மேல்தகட்ட வெட்டுங்கண்ணே. கேஸ் கட்டர் கொண்டாங்க."

"வெட்டப்பிடாது. அரபிக்க பழைய சாமான், ஒரிஜினல் தகடு. இன்ஜினியர் சொல்லாம நான் கைவைக்க மாட்டேன்" என்று வில்பிரட் போனை எடுத்தார்.

கௌஸ் முகைதீன் வேறொரு டெக்கில் இருந்தார். போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தார். விஷயம் கேட்டதும் "வெட்டுங்கடா, அறிவு கெட்டவனுகளா" என்று கத்தினார். வெட்டி முடித்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. விஜயபாஸ்கரைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொரு ஷூவை ராக்கப்பன் நெஞ்சோடு பிடித்திருந்தான்.

பேப்பரில் மாரடைப்பு என்று எழுதினார்கள். ஊருக்குப் போன் பண்ண வேண்டியவனும் ராக்கப்பன்தான்.

"மாரடைப்பு மாரி" என்றான்.

மாரியம்மாள் அழவில்லை. "அப்ப நீங்க எங்கங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"வெளிய நின்னேன்."

பெட்டி ஊருக்குப் போயிற்று. வெட்டிய தகட்டை மறுபடி வைத்து வெல்டு பண்ணினார்கள். அந்தத் தையல் தெரியாமல் கிரைண்டிங் போட்டு மழமழவென்று ஆக்கும் வேலை ராக்கப்பனுக்கு விழுந்தது, அவன் கை சுத்தம் என்று. இரண்டு நாள் போட்டான். சாம்பல் நிறத்தில் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். அரபிக்கு வேலை ரொம்பப் பிடித்துப்போனதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு ராக்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. தட்டை வாங்கி அப்படியே பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவான், அவ்வளவுதான். அடுத்த நோன்பு மாதம் வந்தது, கூடாரம் போட்டார்கள், பிரியாணி வாசம் கேம்ப் வரைக்கும் வந்தது. அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மாரியம்மாள் போனை எடுப்பதில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினான்.

வில்பிரட்டின் கண் சும்மா இருக்குமா? ஒருநாள் காலை அவனை ஸ்டோர் வாசலுக்குக் கூட்டிப்போய் வளையத்தைக் காட்டினார்.

"நுழை பாப்போம்."

ராக்கப்பன் கையைத் தலைக்கு மேல் தூக்கினான். எங்கும் இடிக்காமல் மறுபக்கம் போய் நின்றான். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் கைதட்டினார்கள்.

"மிடுக்கன். நாளையில இருந்து டேங்க்" என்றார் வில்பிரட்.

"சரிண்ணே."

ஸ்டோர்காரன் உள்ளே போய் ஒரு புது டப்பாவை எடுத்து வந்தான். போன வருடம் அந்த ஆள் செத்த பிறகு, சேஃப்டி ஆபீசர் எழுதி வாங்கி வரவழைத்ததாம். அஞ்சாம் நம்பர் ஷூ. ராக்கப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். துணி அடைக்கத் தேவையில்லை. குதிகாலைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தான். கழலவில்லை.